எக்கர்மேல் ஓர் ஆட்டம்

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் ‘ஓல்டு கோர்ஸ்’ கோல்ஃப் மைதானத்தை முதன்முதலாகப் பார்க்கிறவர் மனம் ஒரு கணம் சுணங்கும். எனக்கும் சுணங்கியது. மரம் கிடையாது, குளம் கிடையாது, பூப்பாத்தி கிடையாது. ஒரு பக்கம் கல்வீடுகள் நெருங்கி நிற்கும் சிற்றூர், மறுபக்கம் வட கடல், நடுவில் வெளிறிய புல்வெளி. மேய்ச்சல் தரை என்று சொன்னால் நம்பிவிடலாம். 1946-இல் அமெரிக்க ஆட்டக்காரர் சாம் ஸ்னீட் ரயிலில் வந்து இறங்கும்போது இதை ஜன்னல் வழியே பார்த்து, யாரோ கைவிட்டுப்போன பழைய மைதானம் என்று நினைத்தாராம். அந்த முறை பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை இதே தரையில் வென்றவர் அவர்தான்.

நான் அங்கே ஆடியது ஒரு வெள்ளிக்கிழமை. ஆட விரும்புகிறவர்கள் பெயர் கொடுத்துவிட்டுக் குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டு நாள் காத்திருந்து, மூன்றாம் நாள் என் பெயர் விழுந்தது. ஆடி முடித்து, ஒருநாள் இடைவெளி விட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டை இல்லாமல் அதே தரையில் நடந்தேன். அந்த இரண்டு நாளும் சேர்ந்துதான் எனக்கு அந்த மைதானம்.

இதுபோன்ற கடலோர மைதானங்களை ‘லிங்க்ஸ்’ என்பார்கள். மேடு, கரை என்ற பொருளுடைய ஒரு பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர். நமக்கு அதைவிடப் பொருத்தமான சொல் ஒன்று சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது. அலை கொண்டுவந்து குவித்த மணல்மேட்டைச் சங்கப் புலவர்கள் ‘எக்கர்’ என்றார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் முழுக்க முழுக்க எக்கர் நிலம். பனியுகம் முடிந்து, தரையை அழுத்திக்கொண்டிருந்த பனிப்பாளங்கள் உருகியதும் நிலம் மெல்ல மேலெழுந்தது, கடல் பின்வாங்கியது. அது விட்டுப்போன மணலைக் காற்று மேடும் மடுவுமாக அலைத்தது. பறவைகளின் எச்சம் உரமாகி, ஊசிபோல் மெலிந்த ஃபெஸ்க்யூ புல் அதில் வேர் பிடித்தது. உழவுக்கு உதவாத தரையாதலால் ஆடுகள் மேய்ந்தன, முயல்கள் வளை தோண்டின. காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் மேட்டுச் சரிவில் உடம்பை உரசி உரசிப் பறித்த பள்ளங்களே பிறகு பங்கர்கள் என்ற மணற்குழிகளாயின என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். இந்த மைதானத்தை வரைந்தவர் என்று எவர் பெயரையும் சொல்வதற்கில்லை.

மனிதர்கள் செய்ததெல்லாம் இதை விடாமல் காத்ததுதான். வில்பயிற்சி கெடுகிறது என்று 1457-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கோல்ஃபைத் தடைசெய்தது. ஆட்டம் நிற்கவில்லை. 1552-இல் பேராயர் ஜான் ஹாமில்டன் எழுதிக்கொடுத்த சாசனம், இந்த மணல்வெளியில் ஆடுவதற்கு ஊராருக்கு உள்ள உரிமையை உறுதிசெய்தது. 1764-இல் 22 குழிகளாக இருந்த சுற்றைப் 18 ஆக்கினார்கள். உலகமெங்கும் கோல்ஃப் சுற்றுக்குப் 18 குழி என்று ஆனது அதன் தொடர்ச்சிதான். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடன்பட்ட நகரசபை நிலத்தைக் கைவிட, அது முயல் வளர்ப்பவர்கள் கைக்குப் போய் மைதானமே சிதையும் நிலை வந்தது. 1821-இல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் அதை வாங்கி ஆட்டத்துக்காகக் காப்பாற்றினார். இன்று அது யாருடைய தனிச்சொத்தும் அல்ல, ஊர்ச்சொத்து.

முதல் குழியின் தொடக்கத்தில் நிற்கும்போது கண்முன் விரிவது நூறு கெஜத்துக்கும் மேல் அகலமான புல்வெளி. முதல் குழிக்கும் பதினெட்டாம் குழிக்கும் அது பொது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் பந்து புல்லில்தான் விழும் என்று தோன்றும். இவ்வளவு இடம் கொடுத்த மைதானம் எப்படி உலகின் கடினமான மைதானங்களில் ஒன்றாகும்? அந்தக் கேள்வியோடுதான் ஆரம்பித்தேன்.

மட்டைப் பையைச் சுமந்துகொண்டு என்னுடன் வந்த பெரியவர் அந்த ஊர்க்காரர். பல்லாண்டுகளாக இதே தரையில் நடப்பவர். எனக்கு அவர் வெறும் சுமையாள் அல்ல, வழித்துணை. முதல் குழியில் நான் கொடியையே குறிவைத்து நிற்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கொடியைப் பார்க்காதீங்க சார். இடப்பக்கம் ஒரு மேடு தெரியுதா? அதுக்கு இந்தப் பக்கம் பந்தைப் போடுங்க. மிச்சத்தை நிலம் பார்த்துக்கும்.”

மிச்சத்தை நிலம் பார்த்துக்கும். இந்த ஆட்டத்தின் முழு இலக்கணமும் அதில் இருக்கிறது.

சென்னையில் ஆடிப் பழகியவன் நான். அங்கே நீர்பாய்ச்சி மென்மையாக்கிய தரையில் பந்து ‘பொத்’தென்று விழுந்து அங்கேயே நிற்கும். ஆட்டம் பெரும்பாலும் ஆகாயத்தில் நடக்கும். எவ்வளவு தூரம், எந்த மட்டை என்று கணக்குப் போட்டால் போதும். இங்கே அந்தக் கணக்கு பாதி வழியில் முடிந்துபோகிறது. மணல் நீரைத் தேக்குவதில்லை, ஆகவே தரை எப்போதும் இறுகியே இருக்கிறது. விழுந்த பந்து துள்ளுகிறது, உருள்கிறது, ஒரு மேட்டில் மோதித் திரும்புகிறது, கண்ணுக்கே தெரியாத சரிவில் பத்தடி நழுவிப் போய் நிற்கிறது. பந்து மண்ணைத் தொட்ட பிறகுதான் ஆட்டமே ஆரம்பமாகிறது.

அந்த மண்ணைக் கண்ணால் மட்டும் படிக்க முடியாது. தூரத்திலிருந்து பார்த்தால் தட்டையான தரைபோல் இருக்கும், நடக்கும்போதுதான் பாதம் சொல்லும். மூன்றாவது குழிக்குள்ளாகவே நான் பந்தை நோக்கி நடப்பதை விட்டுவிட்டு, பெரியவரைப் போல வளைந்து வளைந்து நடக்கத் தொடங்கினேன். இந்தப் பக்கம் சரிகிறதா, அந்த மடு எங்கே கொண்டுவிடும் என்று காலால் தடவிப் பார்க்கும் நடை அது. நல்ல இசைக் கலைஞர் ராகத்தில் இறங்கும்முன் சுருதியைச் சேர்த்துக்கொள்வதற்கு ஒப்பான வேலை.

காற்றும் ஆட்டத்தில் ஓர் ஆள். நம் கரையோர மக்கள் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பேர்சொல்லி அழைப்பார்கள், ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு வேலை வாங்கும். செயின்ட் ஆண்ட்ரூஸிலும் அப்படியே. மைதானம் ஊரிலிருந்து புறப்பட்டு ஈடன் ஆற்றின் கழிமுகம் வரை போய், அங்கே சிறிய வளையமாகச் சுழன்று, வந்த தடத்துக்குப் பக்கத்திலேயே ஊர் திரும்புகிறது. இடையர் கையிலுள்ள வளைகோல் போன்ற வடிவம். போகும்போது எதிர்த்த காற்று திரும்பும்போது முதுகில் கைகொடுக்கும் என்று எதிர்பார்ப்போம். ஓதம் மாறும்போது காற்றும் மாறும் என்று பெரியவர் முன்கூட்டியே எச்சரித்தார். கழிமுகத்தை நாங்கள் நெருங்கிய வேளையில் அது மாறத்தான் செய்தது. காலையில் முகத்திலடித்த காற்று, மாலையில் மீண்டும் முகத்திலடித்தது.

இந்த மைதானத்தில் என்னைச் சொக்கவைத்த இன்னொன்று இரட்டைக் கிரீன்கள். குழியைச் சுற்றி மழமழவென்று வெட்டிய புல்பரப்பைக் கிரீன் என்பார்கள். மற்ற ஊர்களில் குழிக்கு ஒன்று இருக்கும். இங்கே பதினான்கு குழிகள் ஏழு பெரிய கிரீன்களை இரண்டிரண்டாகப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டும் பதினாறும், மூன்றும் பதினைந்தும், நான்கும் பதினான்கும் என்று எந்த இணையைக் கூட்டினாலும் 18 வரும். போகிறவர்களுக்கு வெள்ளைக் கொடி, திரும்புகிறவர்களுக்குச் சிவப்பு. ஐந்தும் பதின்மூன்றும் சேர்ந்திருக்கும் கிரீன் எண்பது சென்ட் நிலத்துக்குக் குறையாது. அதன் ஒரு முனையில் என் பந்து, மறுமுனையில் என் குழி. நடுவில் அலையலையாக மேடுகள். அந்தத் தூரத்தைப் பட்டர் மட்டையால் தரையோடு தள்ளியபோது பந்து இரண்டு முறை கண்ணிலிருந்து மறைந்து மறுபடி எழுந்தது. கட்டுமரம் அலைக்குள் இறங்கி ஏறுவதைக் கரையில் நின்று பார்க்கிற உணர்வு எனக்கு.

பங்கர்கள் மொத்தம் 112. பலவற்றுக்குத் தனிப்பெயர் உண்டு: நரகம், சவப்பெட்டிகள், சாலை, மலை. அவற்றின் சுவர்களைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். புற்றரையைப் பாளம் பாளமாக வெட்டி, செங்கல் அடுக்குவதுபோல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பியவை. உப்புக்காற்றில் சில ஆண்டுகளில் நலிந்துவிடும் என்பதால் முறைவைத்துக் குளிர்காலத்தில் புதுப்பிக்கிறார்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டு, 1903 வரை இந்தத் தரையைப் பராமரித்த டாம் மோரிஸ் நான்கு முறை ஓப்பன் பட்டம் வென்றவர். ஆனால் ஊர் அவரை நினைவில் வைத்திருப்பது மணலைப் புரிந்துகொண்டவராகத்தான். கிரீன்மேல் மணல் தூவினால் புல் செழிக்கும் என்று கண்டு, அதையே விடாமல் செய்தார். கடல் தொடங்கிய வேலையை ஒரு மனிதர் கைப்பிடி கைப்பிடியாகத் தொடர்ந்திருக்கிறார்.

பதினோராவது குழி கழிமுகத்தை நோக்கி நிற்கிறது. தூரம் 170 கெஜத்தை ஒட்டித்தான். ஒரே அடியில் கிரீனை அடைந்துவிடலாம். முன்னால் ஸ்ட்ராத் பங்கர், இடப்பக்கம் மலை என்னும் ஹில் பங்கர், பின்னால் தாண்டினால் ஈடன் கரை. 1921 ஓப்பனில் பாபி ஜோன்ஸ் என்ற பத்தொன்பது வயது அமெரிக்கர் இங்கேதான் உடைந்தார். மூன்றாம் சுற்றின் முதல் ஒன்பது குழிகளுக்கு 46 அடிகள் எடுத்துவிட்டு வந்தவர், இந்த ஹில் பங்கரில் சிக்கி, அடித்து அடித்துப் பார்த்து, கடைசியில் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டியையே கைவிட்டார். அந்த மைதானத்தின்மேல் அவருக்கு வெறுப்புத்தான் மிஞ்சியது.

அந்த வெறுப்பு என்னவானது என்பதே இந்த மைதானத்தைப் பற்றி நான் அறிந்த மிக அழகான கதை. ஜோன்ஸ் திரும்பி வந்தார். மேடுகளையும் மடுக்களையும் படித்தார். 1927-இல் 285 அடிகளில், அதுவரை எவரும் எட்டாத கணக்கில், இங்கே ஓப்பன் பட்டம் வென்றார். 1930-இல் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டமும் இங்கேயே. 1958-இல், நோயால் நடக்கவே சிரமப்பட்ட நிலையில் வந்தவருக்கு ஊர் தன் உயரிய மரியாதையான நகர உரிமையை வழங்கியது. அமெரிக்கர் ஒருவருக்கு அது கிடைத்தது 1759-இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்குப் பிறகு அப்போதுதான். வலிமையால் வெல்லப் பார்த்த பையனைத் தோற்கடித்து அனுப்பிய தரை, படிக்க வந்த மனிதரைத் தன் பிள்ளையாக்கிக்கொண்டது. பத்தாம் குழிக்கு இன்று அவர் பெயர்.

பன்னிரண்டாவது குழியில் எனக்கும் என் பங்கு கிடைத்தது. தூரமும் அதிகமில்லை, எதிரே தடையென்று எதுவும் கண்ணில் படவில்லை. அன்றைக்கு நான் அடித்ததிலேயே ஆகச் சிறந்த அடி அது. நேர்நடுவே, தாழ்வாக, காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. பெரியவர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. நடந்துபோய்ப் பார்த்தால், புல்வெளியின் நட்டநடுவில் ஒரு பங்கர், அதற்குள் என் பந்து. தொடக்கத்தில் நின்று பார்க்கையில் அங்கே ஒரு பள்ளம் இருப்பதற்கான அறிகுறியே இல்லை. “இடப்பக்கம் அடிக்கச் சொல்லியிருக்கலாமே” என்றேன். “சொன்னேன் சார். காற்றில் உங்களுக்குக் கேட்கலை” என்றார். பந்தைப் பக்கவாட்டில்தான் வெளியே எடுக்க முடிந்தது.

பதினான்கில் நரகம் என்னும் அந்தப் பங்கரைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஓர் ஆளைத் தாண்டி உயர்ந்து நிற்கிறது அதன் சுவர். 1995-இல் ஜாக் நிக்லாஸ் இதிலிருந்து வெளியேற நான்கு அடிகள் செலவழித்து, அந்தக் குழிக்கு மொத்தம் பத்து அடிகள் எழுதிக்கொண்டார். இங்கே இரண்டு முறை ஓப்பன் வென்றவர் அவர். 2000-இல் டைகர் உட்ஸ் நான்கு நாளும் 112 பங்கர்களில் ஒன்றில்கூட விழாமல் ஆடி வென்றார். அவருடைய பலத்தை எல்லாரும் பேசுவார்கள். நான் வியப்பது, 72 குழிகளிலும் பந்து எங்கே போகக்கூடாது என்று அவர் எடுத்த முடிவுகளை.

பதினேழாம் குழிக்குச் ‘சாலைக் குழி’ என்று பெயர். முதல் அடியே கண்மூடி அடி. ஓட்டலை ஒட்டி நிற்கும் கொட்டகையின் மூலைக்கு மேலாக, விழும் இடம் தெரியாமல் அடிக்க வேண்டும். கிரீன் குறுகலாக, குறுக்கே, ஒரு திண்ணைபோல் உயர்ந்து கிடக்கிறது. இடப்பக்கம் அதன் வயிற்றைக் கடித்தாற்போலச் சாலைப் பங்கர். வலப்பக்கம் சாலை, அதையடுத்துக் கல்மதில். 1978-இல் ஜப்பானின் டாமி நகாஜிமா இரண்டே அடியில் கிரீனை அடைந்துவிட்டு, அங்கிருந்து தள்ளிய பந்து பங்கருக்குள் உருண்டு, மொத்தம் ஒன்பது அடிகள் எடுத்தார். 1984-இல் டாம் வாட்சனின் பந்து மதிலோரம் போய் நிற்க, பட்டம் ஸ்பெயினின் செவே பாயெஸ்டெரோஸ் கைக்குப் போனது. முதல் அடியைத் தாண்டிவிட்டால், எதையும் மறைத்துவைக்காமல், ஆபத்தை முழுக்கக் கண்முன் காட்டிவிட்டு, ‘எவ்வளவு வேண்டும் உனக்கு?’ என்று கேட்கிறது இந்தக் குழி. ஆசையை அளந்து சொல்ல வேண்டிய இடம். நான் கிரீனுக்கு முன்னாலேயே, வலப்பக்கம் பந்தை நிறுத்தினேன். அங்கிருந்து பட்டரால் மேடேற்றி, மேலும் இரண்டு தட்டில் முடித்தேன். அந்தக் குழிக்கு வகுத்த அடிக்கணக்கான ‘பார்’ நான்கு, நான் எடுத்தது ஆறு. மைதானத்தோடு ஒரு பேச்சு நடந்து, அதில் நானும் ஒழுங்காகப் பதில் சொன்னேன் என்ற நிறைவு இருந்தது.

கடைசிக் குழிக்குப் போகும் வழியில் ஸ்வில்கன் ஓடையின்மேல் சின்னஞ்சிறு கல்பாலம். சில எட்டுகளில் கடந்துவிடலாம். கிரீனின் முன்புறம் ‘பாவப் பள்ளத்தாக்கு’ என்னும் ஆழமான மடு. என் இரண்டாம் அடி அதில்தான் உருண்டு இறங்கியது. 1995-இல் இத்தாலியின் கான்ஸ்டான்டினோ ரோக்கா இதே பள்ளத்திலிருந்து பட்டரால் நீளத் தள்ளிய பந்து குழிக்குள் விழுந்தது. ஆட்டம் சமனாகி, அவர் தரையில் குப்புற விழுந்தார். பிறகு நடந்த கூடுதல் ஆட்டத்தில் ஜான் டேலி வென்றார். நானும் பட்டரையே எடுத்தேன். பந்து சரிவேறி, தயங்கி, குழிக்கு நான்கடி முன்னால் நின்றது. வேலிக்கு வெளியே ஊரார் சிலர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மெல்லக் கைதட்டினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில், பெரிய போட்டி நாட்களைத் தவிர, ஓல்டு கோர்ஸில் ஆட்டம் கிடையாது. அன்று அது பொதுப்பூங்கா. குழந்தைகள் ஓடுகிறார்கள், நாய்கள் கிரீனில் படுத்துப் புரளுகின்றன. நானும் கிளம்பினேன். போகும் வழியில் சவுத் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய பள்ளிக் கட்டடம். ‘மெட்ராஸ் காலேஜ்’ என்ற பெயரில் 1833-இல் தொடங்கிய பள்ளி. அந்தப் பெயருக்குக் காரணமானவர் இந்த ஊரில் பிறந்த ஆண்ட்ரூ பெல். அவர் 1789 முதல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளியைக் கவனித்தார். அங்கே நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்தெழுதிப் படிப்பதைக் கண்டு, அதைத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறைக்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் வைத்தார். நம் ஊர்ச் சட்டாம்பிள்ளையும் மணல்தட்டும் இந்தக் குளிர்ப்பிரதேசம் வரை வந்திருக்கிறார்கள். மணலைப் படிக்கத் தெரிந்த ஊர் என்பதால் அந்த முறை இங்கே ஒட்டிக்கொண்டதோ என்று நினைத்தபடி நடந்தேன்.

அன்று நான் மைதானத்தைத் தலைகீழாக நடந்தேன், முதல் குழியின் தொடக்கத்திலிருந்து பதினேழாவது கிரீனுக்கு, அங்கிருந்து பதினாறுக்கு என்று. பெரியவர்தான் அப்படி நடக்கச் சொல்லியிருந்தார். காரணத்தைச் சொல்லவில்லை. பன்னிரண்டாம் கிரீனை அடைந்து, நான் வெள்ளிக்கிழமை அடித்த இடத்தை நோக்கித் திரும்பியதும் காரணம் விளங்கியது. புல்வெளியின் நடுவே பங்கர்கள் வரிசையாக வாய் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒளிவு மறைவே இல்லை. ஆதியில் இந்த மைதானத்தை இந்தத் திசையில்தான், கடிகார முள் சுற்றும் போக்கில் ஆடினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் திசை மாறியது. தரை மாறவில்லை. அந்தப் பள்ளங்கள் அன்று எதிரே வந்தவர்களுக்கு நேராக முகம் காட்டி நின்றவை. நான்தான் அவற்றின் முதுகுப்பக்கமாக வந்திருக்கிறேன்.

என் பந்து கிடந்த பங்கரின் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். காற்று இப்போது கடலிலிருந்து வந்தது, வெள்ளிக்கிழமை இல்லாத திசை. இந்தக் காற்றில் இடப்பக்க மேட்டுக்குச் சற்று முன்னால் பந்தைப் போட்டால், நிலம் அதை வலப்பக்கமாக இறக்கி, இரண்டு பங்கர்களுக்கு இடையிலுள்ள சின்ன வழியில் விடும். எழுந்து அந்த வழியில் நடந்து பார்த்தேன். பாதம் ஆமென்றது.

திரும்பும் வழியில், அடுத்த குலுக்கலுக்குப் பெயர் கொடுத்துவிட்டுத்தான் அறைக்குப் போனேன்.